வண்டி நுழையும் கதவு

11.02.2025, செவ்வாய்க்கிழமை

இன்றைய தவறு: மலேசியாவின் ஈப்போவிலிருந்து வரும் விருந்தினருக்கு, "பைக்கை உள்ளே விட்டுப் பூட்டிக்கொள்ளலாம்" என்று பதில் அனுப்பிவிட்டேன். எங்கள் கேட்டின் அகலம் எனக்குத் தெரியும். அவருடைய வண்டியின் அகலத்தைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்போதே தோன்றியதா, இப்போதுதான் தோன்றுகிறதா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

வசந்தா டீச்சரின் வகுப்பில் அதுதான் முறை. புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு எதிரே மாடியில் ஒரு அறை எடுத்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். தினமும் ஒரு பக்கம் டைரி எழுதிக்கொண்டு போக வேண்டும். மேலே தேதி, அடுத்து அன்றைக்குச் செய்த ஒரு தவறு, கடைசியில் மறுநாள் செய்யவேண்டிய வேலை. தமிழில் எழுதிப் போய் வகுப்பில் உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். "பெரிய தப்பெல்லாம் எழுதாதீங்க, அதுக்கு உங்க இங்கிலீஷ் பத்தாது. சின்னதா எழுதுங்க" என்பார். மற்றவர்கள் எழுதத் தவறு கிடைக்காமல் பேனாவைக் கடிப்பார்கள். இந்த டைரியை எழுதிய ஜெபாவுக்கு எதை விடுவது என்பதுதான் சிரமம்.

இன்றைக்கு அந்தச் சிரமமும் இல்லை. அவளுடைய தவறு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், எட்டு அறைகள் கொண்ட சின்ன லாட்ஜ் அது. ஜெபா அங்கே ரிசப்ஷனில் இருக்கிறாள். போன செப்டம்பரில் அப்பா இறந்த அடுத்த வாரம் சேர்ந்தாள். கவுண்டரில் உட்கார்ந்தால் கேட் நேராகத் தெரியும். ஸ்கூட்டி போகும், பால்காரரின் வண்டி கேனோடு போகும். இதுவரை வேறு எந்த வண்டியும் அதைச் சோதித்ததில்லை.

இப்போது கேட்டுக்கு வெளியே நின்ற வண்டிக்கு இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் அரிசி டின் அளவு. அதன் சொந்தக்காரர் சுப்புராமன், மலேசியாவில் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பி, பின்னாலேயே விமானத்தில் வந்து, வடக்கே ராஜஸ்தான் வரை சுற்றிவிட்டு இறங்கி வந்திருக்கிறார். இன்னும் மூன்று நாள் இங்கே தங்கிவிட்டுத் துறைமுகத்துக்குப் போக வேண்டும்.

"கொஞ்சம் சாச்சு வுடுங்க சார், பூந்துக்கும்" என்றார் லாட்ஜ் முதலாளி திருவேங்கடம்.

"சாய்ச்சா பெட்டி தூண்ல இடிக்கும் லா."

"அப்ப பெட்டிய கழட்டிடுங்க."

"பெட்டிய கழட்டலாம். பெட்டிய தாங்குற கம்பிய எப்படி கழட்டுறது? சேஸிஸோட வெல்டிங். நானே வச்சது." அதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது. பிறகு கேட்டைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"ரோட்டோரமா வுடுங்க. கேமரா கீது."

"கேமரா திருடன பாக்கும் பாஸ். பிடிக்காது." அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "ஒரு ஊர்ல இப்படித்தான், செக்யூர் பார்க்கிங்னு போட்டிருந்தான். போய்ப் பாத்தா தெரு. ஒரு தாத்தா விசில் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. காலைல ஒரு பெட்டி ஒடைஞ்சு கெடக்கு, தாத்தா தூங்குறாரு, விசிலும் தூங்குது. இது போச்சுன்னா எனக்கு வண்டி மட்டும் போகல. கஸ்டம்ஸ்ல எழுதிக் குடுத்து உள்ள கொண்டாந்தது. நான் மட்டும் தனியா திரும்பிப் போனா, இங்கயே வித்துட்டேன்னு சொல்லுவான். எனக்கு ரூம் எப்படி இருந்தாலும் பரவால. நான் வராண்டாவில தூங்குவேன். மோட்டர் உள்ள தூங்கணும்."

திருவேங்கடம் உள்ளே வந்தார். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பேசினார். கத்துகிற ஆள் இல்லை அவர். மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்த குடும்பம்; ஈரநெல்லைக்கூட சத்தம் போடாமல்தான் திருப்பி அனுப்புவார் என்று சமையல்காரர் சொல்வார்.

"போன மாசம் அந்த பாம்பே ஃபேமிலிக்கு தேதி மாத்தி போட்ட. அப்பால ஏசி இல்லாத ரூமுக்கு ஏசின்னு எழுதுன. இப்ப இது. இந்த ஆளும் கெளம்பிட்டாருன்னா நீ நாளையிலருந்து வர வேணாம், ஜெபா. கோவத்துல சொல்லல. நானும் தொழில் பண்ணணும்ல."

"சரி சார்" என்றாள்.

அழுகை வரும் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஒரு நிமிடம் நின்று பார்த்தார். ஜெபாவும் எதிர்பார்த்தாள். வரவில்லை. செப்டம்பருக்கு அப்புறம் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் காதில் விழும், புரியும், அதோடு நின்றுவிடும். வேலை போனால் அம்மாவின் சம்பளம் மட்டும்தான். தம்பி படூரில் காலேஜ் முதல் வருஷம். இதையெல்லாம் வரிசையாக யோசித்தாள். யோசித்ததில் எந்தக் குறையும் இல்லை. நெஞ்சில் மட்டும் ஒன்றும் அசையவில்லை.

போனை எடுத்து ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். கடற்கரைப் பக்கத்து ரிசார்ட்டில் பெரிய கேட் இருந்தது. ஒரு நாள் வாடகை இவர்கள் லாட்ஜின் ஒரு வார வாடகை. புதுப்பட்டினத்து லாட்ஜில் உள்முற்றம் இருந்தது. ஆனால் வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸுக்கு ஆன்லைனில் விவரம் போட வேண்டும், தங்களுக்கு அந்தப் பதிவு இல்லை, அதனால் சேர்ப்பதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் கார் ஷெட் இருந்தது, கார் இருந்தது, கார்க்காரர் ஊரில் இல்லை.

பக்கத்து லாட்ஜ் காயத்ரி போனில் பதில் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டாள். வந்து சுப்புராமனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கவுண்டருக்குள் எட்டி, "இவரா ஃபாரினரு? பாத்தா எங்க எல்லப்பன் மாமா மாதிரி கீறாரு. நான் ஒரு வெள்ளக்காரன் வந்துகினு கீறான்னு தலைய வாரிகினு வந்தேன்" என்றாள்.

"ஒங்க லாட்ஜ் சைடு கேட் எவ்ளோ அகலம், காயூ?"

"அதுவா? எங்க மொதலாளியே சைடா திரும்பித்தான் உள்ள வருவாரு."

அது காதில் விழ, சுப்புராமன் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு ஜெபாவைக் கூப்பிட்டார். "மா, நான் பாத்ரூம் போகணும். ரொம்ப நேரமா. நீ இதுகிட்ட நிப்பியா? கைய எடுக்காம?"

"நிக்கிறேன் அங்கிள்."

அவர் உள்ளே ஓடினார். ஜெபா வண்டியின் சீட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெயிலில் அது சுட்டது. சும்மா நிற்பானேன் என்று மற்றொரு கையால் ஒரு பெட்டியின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்த பெட்டியின் வெளிவிளிம்பு வரை சாண் போட்டுப் பார்த்தாள். இந்த அகலத்துக்கு எங்கேயாவது கதவு இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவாக நினைத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கோயில். அவள் கோயில் என்றது அவர்கள் காலனியின் சர்ச். அதன் முன்கதவு அகலம்தான், ஆனால் ஐந்து படி. பக்கத்தில் கொட்டகை.

நினைப்பு அங்கே நின்றுவிட்டது.

சர்ச்சுக்குப் பக்கவாட்டில் சவ வண்டி நிற்கும் கொட்டகை. நாலு சக்கரம் வைத்த மர வண்டி. காலனியில் யார் இறந்தாலும் சவப்பெட்டியை அதில் வைத்துத்தான் கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். வண்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் பிடித்தபடி வெளியே வர வேண்டும் என்பதற்காகவே கதவை அகலமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். படி கிடையாது, சரிவுதான். இரும்புக் கதவு, பெரிய பூட்டு. அப்பாவை வைக்க வண்டியை எடுத்த அன்றைக்கு ஜெபா அங்கேதான் நின்றிருந்தாள். வண்டியைப் பார்க்க முடியாமல், வண்டிக்கும் கதவு நிலைக்கும் நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெஞ்சமின் பெரியப்பா தன் பெரிய வயிற்றோடு இடிக்காமல் வந்தார். இந்தப் பக்கமும் அதே அளவு.

சுப்புராமன் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"அங்கிள், ஒரு இடம் இருக்கு. பத்து நிமிஷம் போகணும். ரூம் இங்கதான். வண்டி மட்டும் அங்க." விருந்தினர்களிடம் 'கீது' போடக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. "அகலம் சரியா இருக்கும். சாவு வண்டி வைக்கிற இடம். பரவாயில்லையா?"

"பூட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பரவால."

லாட்ஜ் ஸ்கூட்டியில் ஜெபா முன்னால் போனாள். அவர் பின்னால் தடதடத்துக்கொண்டு வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் பக்கமாகப் போய், உப்பங்கழிப் பாலம் தாண்டி, உள்ளே திரும்பினால் காலனி.

கொட்டகைச் சாவி தர்மராஜிடம் இருக்கும். பெயிண்ட் வேலை செய்கிறவர். சர்ச்சில் மணி அடிப்பது, குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வேலை இல்லாத நாள் போலிருக்கிறது, சர்ச் நிழலில் குந்தி போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபா சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"இன்னா ஜெபா, வெளையாடிறியா? ஆட்டுக்குட்டி மழைக்கு ஒதுங்கினாக்கூட அங்க கட்ட மாட்டாங்க நம்ம ஆளுங்க. நீ மோட்டர் பைக்க வுடணுங்கிற."

"அதான் அண்ணாத்த நல்லது. எவனும் கிட்ட வர மாட்டான்."

தர்மராஜ் யோசித்தார். "அது கரெக்ட்டுதான். சாவு வண்டிய தாண்டி எவன் பைக்கு திருடுவான்? பாதி வழியிலயே பயந்து அவன் வூட்டுக்கு திரும்பிடுவான்." சுப்புராமனைப் பார்த்து, "அண்ணே, ஒங்களுக்கு பயம் இல்லியா?" என்றார்.

"மோட்டர் காணாம போனாதான் எனக்கு பயம்."

"பாஸ்டர கேக்கணும்." செங்கல்பட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற பாஸ்டருக்கு அங்கேயே போன் போட்டார். நிறைய "ஆமாங்க ஐயா" சொன்னார். வைத்துவிட்டுச் சிரித்தார். "சத்திரத்துல எடம் இல்லன்னா கொட்டாயிலதான் குடுக்கணும், ஏசு பொறந்ததுலருந்து நம்ம மதத்துல அதான் வழக்கம், குடுடாங்கிறாரு."

சுப்புராமனும் சிரித்தார். ஜெபாவும் சிரித்தாள், சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது.

தர்மராஜ் வீட்டுக்குப் போய்ச் சாவியோடு வந்தார். வந்தவர் பூட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணு கீது, ஜெபா. ஒனக்கு தெரியும்ல."

அவளுக்குத் தெரியும். சாவு விழாத நாளில் அந்தக் கதவைத் திறக்க நேர்ந்தால், கடைசியாக அதில் போனவர் வீட்டு ஆள்தான் திறக்க வேண்டும். வேறு யார் கை பட்டாலும் வண்டி தொட்டவர் வீட்டில் ஆள் கேட்கும் என்பார்கள். பைபிளில் அப்படி எங்கேயும் கிடையாது. பாஸ்டர்கள் மாறி மாறிப் பிரசங்கம் செய்து பார்த்துவிட்டார்கள். காலனி மாறவில்லை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போதுகூட கடைசியாகப் போனவர் வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிட்டுத்தான் திறப்பார்கள்.

"ஒங்கப்பாவுக்கு அப்பால இங்க எவனும் சாவல" என்றார் தர்மராஜ். "ஒங்கம்மாவ வேணா கூப்பிடட்டா?"

"அம்மா கல்பாக்கம் டவுன்ஷிப்ல வேலைக்கு போயிருக்குது. நானே தொறக்கிறேன்."

"தெனமும் தொறக்கணும், பாத்துக்கோ. இவரு காலைல வண்டி எடுக்க ஒரு தபா, சாயங்காலம் வுட ஒரு தபா. மூணு நாளும் நீதான் வரணும். நான் கை வெக்க மாட்டேன், எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது."

"வரேன்."

"இல்லன்னா மூணாவது தெரு கிழவரு இழுத்துகினு கீறாரு. அவரு முந்திக்கினா அவங்க வூட்டு ஆளுங்க தொறப்பாங்க. ஒனக்கு வேல மிச்சம்." சொல்லிவிட்டு, "தப்பா நெனச்சுக்காத" என்றார்.

"இல்ல அண்ணாத்த."

சுப்புராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடைசியா போனது யாரு மா?"

"எங்க அப்பா."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் தலையை அப்போதுதான் ஜெபா பார்த்தாள். முடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. "எனக்கு தெரியாது மா. வேற இடம் பாக்கலாம். நான் ரோட்டுலயே உக்காந்து காலையில கெளம்பிடுறேன். சத்தியமா, பரவால."

அவர் கிளம்பினால் அவளும் கிளம்ப வேண்டியதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

"வேணாம் அங்கிள். அகலம் சரியா இருக்கு" என்றாள்.

சாவியை வாங்கிப் போட்டாள். உப்புக்காற்றில் பூட்டு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகியதும் விட்டுக்கொடுத்தது. கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்து பழைய மரமும் சுண்ணாம்பும் கலந்த வாசம் வந்தது. வண்டி கறுப்பாக நின்றது. பலகையில் செவ்வந்திப்பூ காய்ந்து பொடியாகக் கிடந்தது, கூட ஜரிகை மாலையின் நூல். அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஜெபா உள்ளங்கையால் ஒரு ஓரத்திலிருந்து அடுத்த ஓரத்துக்கு வழித்து, கையில் அள்ளி, எங்கே போடுவது என்று பார்த்தாள். கீழே போடத் தோன்றவில்லை. துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். இப்போதாவது ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வெளியே தர்மராஜின் போன் அடித்தது. அவர் எடுத்து "அப்பால பேசுறேன்" என்று வைத்தார்.

வழக்கப்படி சவ வண்டியில் முதலில் அவள் கை பட வேண்டும். பிடித்து இழுத்தாள், அசையவில்லை. அவள் கை பட்ட பிறகுதான் தர்மராஜ் வந்து மறுபக்கம் பிடித்தார். சவ வண்டியை வெளியே இழுத்து நிறுத்தினார்கள். சுப்புராமன் எஞ்சினைப் போடவில்லை. அந்த இடத்தில் சத்தம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவ்வளவு கனத்தையும் கையாலேயே தள்ளினார். ஜெபா பின்னால் பெட்டியில் கை கொடுத்துத் தள்ளினாள். கதவு நிலைக்கு வந்ததும் அவர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒரு பக்கம் ஒரு சாண் இருக்கு மா."

"அந்தப் பக்கமும் இருக்கும் அங்கிள்."

இருந்தது. பைக் பின்சுவர் வரை போய் நின்றது. அவர் ஒரு தடித்த சங்கிலியால் முன்சக்கரத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டி, மேலே ஒரு சாம்பல் நிற உறையைப் போர்த்தினார். மூலைகளை இழுத்து இழுத்துச் சரி செய்தார். அதன் பின் சவ வண்டியை முன்னால் விட்டார்கள். ராத்திரி யாராவது போனால் தர்மராஜுக்குச் சிரமம் இருக்கக் கூடாது. ஜெபா கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைத் தர்மராஜிடம் கொடுத்தாள்.

"உலகத்துல எத்தனையோ எடத்துல விட்டிருக்கேன்" என்றார் சுப்புராமன் மெதுவாக. "இன்னைக்குத்தான் நான் தூங்குவேன்." பிறகு அவளிடம், "ரொம்ப நன்றி மா" என்றார். மெயின் ரோடு வரை நடந்து, மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஜெபா முதலாளிக்குப் போன் செய்தாள்.

"எடம் கெடச்சுது சார். மூணு நாளும் நம்ம ரூம்லதான் தங்குறாரு."

"வண்டி எங்க?"

"எங்க சர்ச் ஷெட்டுல சார்."

"இன்னா ஷெட்டு?"

"சவ வண்டி வெக்கிறது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ரிவ்யூல அத எழுத வேணாம்னு சொல்லு" என்றார் திருவேங்கடம். "ஸ்கூட்டிய ஒங்க வூட்டுலயே வெச்சுக்க. காலைல அவரு வேலைய முடிச்சிட்டு நேரத்துக்கு வந்துடு."

வேலை இருந்தது. நல்ல விஷயம்தான் என்று ஜெபாவுக்குத் தெரிந்தது.

வகுப்புக்குப் போகும்போது பாதி முடிந்திருந்தது. வசந்தா டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கி டைரியைப் படித்தார். "நல்ல தப்பு. கேட் போதுமான அகலம் இல்லை. 'வைட் எனஃப்' போட்டு எழுதிப் பாரு. அப்புறம் எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது டீச்சர். கதவு வைட் எனஃப்."

"சரி. நாளைக்கு வேலைன்னு கீழ ஒண்ணும் எழுதலியே?"

ஜெபா உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். அவள் கொட்டகையைத் திறந்த செய்தி அம்மாவுக்கு இந்நேரம் போயிருக்கும். வீட்டுக்குப் போனால் கேட்பாள், பதில் சொல்ல வேண்டும். அது இன்றைய வேலை, நாளைய வேலை இல்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று கொஞ்சம் தடுமாறினாள். பிறகு எழுதினாள்:

நாளைய வேலை: காலை ஆறரைக்குத் தர்மராஜ் அண்ணனிடம் சாவி வாங்கிக் கொட்டகையைத் திறக்க வேண்டும். சவ வண்டியை வெளியே இழுத்து, விருந்தினரின் பைக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு, சவ வண்டியைத் திரும்ப உள்ளே விட்டுப் பூட்ட வேண்டும்.